தொங்கும் கோயிலா, தூங்குகோயிலா? நெடுங்கையா, செருகுவிட்டமா?

மொழிபெயர்ப்பவர்:
குழுவினர்க்கு வணக்கம். கட்டடக்கலை மாணவர்களுக்கான பாடம் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். சீனாவின் ஷான்ஷி மாகாணத்தில், தாதோங் நகருக்குத் தென்கிழக்கே, ஹங் மலையின் செங்குத்துப் பாறையில் நிற்கும் ஷுவான்கோங் கோயிலைப் பற்றிய பாடம் அது. வட வெய் அரசின் காலத்தில், 491-இல் எழுந்து, மிங், சிங் அரசமரபுகளின் காலங்களில் புதுப்பிக்கப்பட்ட அக்கோயிலில் ஏறத்தாழ 40 கூடங்களும் அறைகளும் உள்ளன. பாறையில் துளையிட்டுச் செருகிய மரங்கள் அவற்றைத் தாங்குகின்றன. ஒரு முனை பாறைக்குள்ளும் மறுமுனை வெட்டவெளியிலுமாக இருக்கும் அம்மரத்தை, நாம் கேன்டிலீவர் என்று வழங்குவதை, எச்சொல்லால் குறிக்கலாம்? கோயிலைத் 'தொங்கும் கோயில்' என்றே எழுதலாமா?

கட்டுமானப் பொறியாளர்:
'தொங்கும்' என்பதை ஏற்க இயலவில்லை. தொங்கும் பொருளின் பளு மேலிருக்கும் பிடியில் விழும். இங்கோ கீழிருக்கும் மரத்தில் இறங்கி, அதன் வழியே பாறைக்குள் செல்கிறது. துளையின் உட்புறத்தை அகலக் குடைந்து, மரத்தின் முனையில் ஆப்பைப் பொருத்தி அடித்துச் செலுத்தியதாக விளக்குவார்கள். ஆப்பு முனையைப் பிளந்து விரிப்பதால் மரம் வெளியே உருவிவராது. அம்மரங்களுக்குத் துங் மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் ஊட்டப்பட்டதால் ஈரமும் பூச்சியும் எளிதில் அணுகுவதில்லை. மேலே குடைபோல் நீண்டிருக்கும் பாறை மழையைத் தடுக்கிறது. கீழிருந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படும் மெல்லிய நெடுங்கால்கள்தாம் கோயிலைச் சுமக்கின்றன என்று மாணவர் எண்ணிவிடக் கூடாது. முதன்மைத் தாங்கல் பாறைக்குள் புதைந்த மரமே. ஆகவே 'நெடுங்கை உத்திரம்' என்று முன்மொழிகிறேன்.

தமிழாசிரியர்:
ஐயா, 'நெடுங்கை' நீளத்தைச் சொல்கிறதேயன்றி ஒருமுனைப் பிடிப்பைச் சொல்லவில்லை. நம் கோயிற்கலையில் கூரை விளிம்பின் வளைந்த நீட்சிக்குக் 'கொடுங்கை' என்று பெயர். ஆவுடையார்கோயிலில் அதைப் பார்த்த மாணவர் இரண்டையும் குழப்பிக்கொள்வர். 'உத்திரம்' வடசொல் வழி வந்ததாதலின் 'விட்டம்' போதும். 'செருகுவிட்டம்' என்றால் செய்முறையே பெயராகிவிடும்.

கோயிலின் பெயருக்குத் 'தூங்கு' என்னும் வேர் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் 'தூங்கெயில் மூன்றெறிந்த சோழன்' நினைவுக்கு வரவில்லையா? அங்கே தூங்குதல், எயில் என்னும் கோட்டை வானில் நிலைகொண்டு நிற்பதைக் குறிக்கிறது. தூக்கணாங்குருவியின் 'தூக்கு' அதன் பிறவினை. பெண்ணாகடத்துத் தூங்கானை மாடம் என்னும் சிவன்கோயிலின் பெயரையும் சேர்த்துப் பாருங்கள். ஷுவான்கோங் என்பதிலும் முதலில் ஆழ்பொருளைக் குறிக்கும் எழுத்தே இருந்தது என்றும், பின்னரே அதே ஒலியுடைய 'தொங்கு' எழுத்து இடம்பிடித்தது என்றும் சொல்வர். முன்னது லாவோசி வழிவந்த தாவோ மரபின் சொல். 'கோங்' பௌத்தரின் சூனியம். புத்தர், லாவோசி, கன்பூசியஸ் மூவரையும் ஒரே கூடத்தில் வைத்த கோயிலுக்கு அப்பெயர் எவ்வளவு பொருந்துகிறது! 'தூங்குகோயில்' என்றால் பழமையும் பொருளும் ஒருங்கே அமையும்.

கல்லூரி விரிவுரையாளர்:
அம்மா, தங்கள் இலக்கியச் சான்று உண்மையானது. ஆனால் இன்றைய மாணவர் 'தூங்குகோயில்' என்றால் உறக்கத்தையே எண்ணுவர். 'விட்டம்' வட்டத்தின் குறுக்களவாகவும் கணிதத்தில் வழங்குகிறது. பளுக் கணக்கு போடும் பக்கத்தில் இரண்டும் சேர்ந்து வந்தால் என் வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்கத்துக்கே போய்விடும். 'உத்திரம்' தச்சர் வாயில் நாள்தோறும் புழங்கும் சொல்; அதன் பிறப்பைக் காட்டி ஒதுக்குவது முறையன்று. பாறைமுகத்திலிருந்து நீண்டு கனத்தைத் தாங்குவதைக் 'கை' என்பதைவிடத் தெளிவாக எது சொல்லும்?

மொழிபெயர்ப்பவர்:
அனைவர்க்கும் நன்றி. பெரும்பான்மையர் கருத்தின்படி 'நெடுங்கை உத்திரம்' என்றே எழுதுகிறேன். முதல் இடத்தில் 'ஒருமுனை பாறைக்குள் செருகப்பட்டது' என்று விளக்கமும் தருகிறேன். கோயிலின் பெயரை ஷுவான்கோங் என்றே விட்டுவிடுகிறேன்.

தமிழாசிரியர்:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். விளக்கம் தேவைப்படும் கலைச்சொல் இன்னும் பணி முடியாத சொல். 'செருகு' என்னும் வினையைப் பெயருக்குள்ளேயே வைத்திருந்தால் அவ்வரி தேவைப்பட்டிராது. அடுத்த பதிப்புக்கு முன் இதே இழையில் மீண்டும் எழுதுவேன்.