காய்ச்சல், கழுத்தைத் திருப்ப மாட்டேன் என்கிறான்

மஞ்சக்குப்பம் அம்மா:
பையனுக்கு மூன்று வயது. சளியில் ஆரம்பித்தது. இப்போது காய்ச்சல் 102, கழுத்தைச் சாய்த்தே வைத்திருக்கிறான். கூப்பிட்டால் உடம்போடு திரும்புகிறான். கஞ்சிகூட இறங்கவில்லை. சுளுக்கு, எண்ணெய் தேய் என்கிறார் மாமியார். தேய்க்கலாமா?

குழந்தைகள் வார்டு நர்ஸ், புதுச்சேரி:
வேண்டாம் அக்கா, தேய்க்காதீர்கள். காய்ச்சலோடு கழுத்து பிடித்தால் சுளுக்கு என்று விட்டுவிடக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டையின் பின்சுவருக்கும் முதுகெலும்புக்கும் நடுவே நிணநீர் முடிச்சுகள், அதாவது நெறி கட்டும் இடங்கள் உண்டு. சளி பிடித்த பிறகு அங்கே சீழ் கட்டலாம். எங்கள் வார்டில் ஒரு பாப்பா, மேலே சுற்றும் ஃபேனைக் காட்டினால் கண்ணை மட்டும்தான் உயர்த்தினாள். தலையைத் தூக்கவே இல்லை. அதைப் பார்த்துத்தான் டாக்டருக்குச் சந்தேகமே வந்தது. எச்சில் வடிகிறதா? குரல் அடைத்திருக்கிறதா? மூச்சில் சத்தம்?

மஞ்சக்குப்பம் அம்மா:
தலையணை எச்சிலில் நனைந்திருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா?

நர்ஸ்:
முதலில் பக்கத்திலுள்ள கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கு. 108-ஐ உடனே கூப்பிடுங்கள். கரண்டியால் நாக்கை அழுத்திப் பார்க்க வேண்டாம், மூச்சு அடைத்துக்கொள்ளலாம். படுக்க வைக்காமல், அவனுக்கு வசதியாக மடியில் உட்கார வையுங்கள். எதுவும் ஊட்டாதீர்கள், மயக்க மருந்து தேவைப்படலாம்.

நெல்லித்தோப்பு அப்பா:
என் மகளுக்கும் இதேதான் சகோதரி. சிடி ஸ்கேன் எடுத்து, நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். கட்டி சின்னது, ஆபரேஷன் இல்லாமலே வற்றியது. பெரிதாக இருந்தால் பெரும்பாலும் வாய் வழியாகவே கீறிச் சீழை எடுத்துவிடுவார்களாம். வீட்டுக்கு வந்தபின் சிரப்பைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.