மின்காந்த சிமுலேஷன்: கணினி சொன்னதும் கையில் வந்ததும்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்தது வைஃபைக்கான ஒரு பாட்ச் ஆன்டெனா, அதாவது போர்டின் மேல் தட்டையான செம்புத் தகடாக அமையும் ஆன்டெனா. 2.45 கிகாஹெர்ட்ஸ், 1.6 மி.மீ. எஃப்ஆர்4 போர்டு. சூத்திரத்தில் போட்டால் பாட்ச் ஏறக்குறைய 37 மி.மீ. அகலம், 29 மி.மீ. நீளம் வரும். கணினியில் அலைகளைக் கணக்கிட்டுப் பார்க்கும் சிமுலேஷனில் சரியாக 2.45-இல் பள்ளம் விழுந்தது; சிக்னல் திரும்பி வராமல் ஆன்டெனாவுக்குள் போகும் அதிர்வெண்ணைக் காட்டும் பள்ளம் அது. போர்டு அடித்து வந்ததும், திரும்பி வரும் சிக்னலை அளக்கும் கருவியான அனலைசரில் மாட்டிப் பார்த்தால் பள்ளம் 2.5-இல் நிற்கிறது. வைஃபை பட்டையோ 2.4835-இலேயே முடிந்துவிடும்.

இரண்டு நாள் சாலிடர், கேபிள், கனெக்டர் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். காரணம் நான் கொடுத்த ஓர் எண். போர்டுப் பொருள் தனக்குள் அலையை எவ்வளவு மெதுவாக்கும் என்பதைச் சொல்லும் மின்காப்பு மாறிலி 4.4 என்று மென்பொருளின் பட்டியலில் இருந்ததை அப்படியே எடுத்திருந்தேன். எஃப்ஆர்4 என்பது கண்ணாடி இழையும் எப்பாக்சியும் சேர்ந்த பொருள். சேரும் விகிதம் மாறினால் இந்த எண்ணும் மாறும். 4.2 போட்டு ஓட்டியதும் இரண்டு வளைவுகளும் ஒன்றாகப் பொருந்தின. இப்போதெல்லாம் புது போர்டு வந்தால் முதலில் ஒரு துண்டில் ரிங் ரெசொனேட்டர் என்ற செம்பு வளையத்தை அடித்து, அதை வைத்து இந்த எண்ணை அளந்துவிட்டுத்தான் மற்ற வேலை.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். எழுதுங்கள்.

மறுமொழி 1

நான் ஆராய்ச்சி மாணவி. இடத்தைச் சிறு கட்டங்களாகவும் நேரத்தைச் சிறு படிகளாகவும் பிரித்து அலையைக் கணக்கிடும் எஃப்டிடிடி நிரலை நானே எழுதினேன். கேன் யீ 1966-இல் தந்த முறை அது. மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் அரைக் கட்டம் தள்ளி வைத்து, நேரத்திலும் அரைப் படி விட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றை மாற்றி மாற்றிக் கணக்கிட வேண்டும். மின்காந்த அலைகளை விவரிக்கும் மேக்ஸ்வெல் சமன்பாடுகள் இவ்வளவு எளிமையான கூட்டல் கழித்தலாக மாறுவதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

1 மி.மீ. கட்டம், 2 பிகோசெகண்ட் படி வைத்தேன். முதலில் அலை அழகாகப் பரவியது. அப்புறம் திடீரென்று எண்கள் எகிறித் திரை முழுக்கக் குப்பை. முப்பரிமாணத்தில் கட்டத்தின் அளவை ஒளியின் வேகத்தாலும் மூன்றின் வர்க்கமூலத்தாலும் வகுத்தால் வருவதைவிடப் படி பெரிதாக இருக்கக் கூடாது. எனக்கு வரம்பு சுமார் 1.92 பிகோசெகண்ட். 0.08 தாண்டியதற்கே இந்தப் பாடு! எண்கள் எகிறாமல் இருக்க யீயின் கட்டுரையில் தரப்பட்டிருந்த இந்த வரம்பே தவறு, 1975-இல் டாஃப்லோவும் பிராட்வினும்தான் அதைத் திருத்தினார்கள் என்று பின்னால் படித்தேன். மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

அடுத்தது சுவர்ப் பிரச்சினை. கணக்குப் பெட்டியின் ஓரத்தில் அலை மோதித் திரும்பி வந்துகொண்டே இருந்தது. பெரஞ்சே 1994-இல் சொன்ன உறிஞ்சும் அடுக்கை, பிஎம்எல்லை, சுற்றிலும் போட்ட பிறகுதான் அது அடங்கியது. கட்டத்தைப் பாதியாக்க நினைப்பவர்கள் கவனிக்க: நினைவகம் 8 மடங்கு, நேரம் 16 மடங்கு.

மறுமொழி 2

எம்ஆர்ஐ ஸ்கேன் இயந்திரத்தில் உடலுக்குள் ரேடியோ அலையை அனுப்பும் காயில் பக்கம் வேலை பார்க்கிறேன். 3 டெஸ்லா இயந்திரத்தில் அதிர்வெண் சுமார் 128 மெகாஹெர்ட்ஸ். காற்றில் அலைநீளம் 2.3 மீட்டர், ஆனால் தசைக்குள் அது 30 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். வயிற்றுப் படத்தில் நடுவே கருமை விழுவதை முதலில் காயில் கோளாறு என்றே நினைத்தேன். கணினியில் உடல் மாதிரியை வைத்து ஓட்டியபோது அதே இடத்தில் அதே கருமை வந்தது. காயில் சரிதான்; சுருங்கிய அலைகள் உடலுக்குள் ஒன்றையொன்று அழிப்பதுதான் காரணம்.

மறுமொழி 3

நான் பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம் ரேடியோக்காரன், பொறியாளன் இல்லை. தோட்டத்தில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே, 5 மீட்டர் உயரத்தில், 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் டைபோல், அதாவது நடுவில் இணைப்புக் கொடுக்கும் கிடைக் கம்பி ஆன்டெனா கட்டியிருந்தேன். மதுரை, கோவை எல்லாம் பக்கத்து வீடு மாதிரி கேட்கும். கடல் தாண்டி ஒருவரும் கிடைக்கவில்லை.

இலவசமாகக் கிடைக்கும் நெக்-2 என்ற ஆன்டெனா நிரலில் போட்டுப் பார்த்தேன். கம்பியைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் மின்னோட்டமும் மற்றவற்றை எப்படிப் பாதிக்கிறது என்று கணக்கிடும் முறை. முதலில் 20 துண்டு வைத்ததில் ஃபீட், அதாவது இணைப்புக் கொடுக்கும் துண்டு, நடுவில் வரவில்லை, 21 ஆக்கினேன். படம் வந்ததும் விஷயம் புரிந்தது. ஆற்றல் பெரும்பாலும் நேராக வானத்துக்கே போகிறது. அலைநீளம் 42 மீட்டர், கம்பி இருந்த உயரமோ அதில் எட்டில் ஒரு பங்குதான்.

அதே நிரலில் பத்தரை மீட்டர் செங்குத்துக் கம்பியையும், அதன் அடியிலிருந்து தரைக்குச் சற்று மேலே விரியும் நான்கு கம்பிகளையும் (ரேடியல்கள்) வரைந்து பார்த்தேன். ஆற்றல் தூரம் போகக்கூடிய தாழ்ந்த கோணத்துக்கு இறங்கியது. அதைக் கட்டி முடித்த வாரமே ஒரு விடிகாலையில் இந்தோனேசியாவிலிருந்து பதில் வந்தது. வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிட்டேன்.