பட்டுப்போன முல்லைக்கொடி பங்குனியில் துளிர்க்கிறது: வெட்டலாமா, விடலாமா?

கேள்வி (பாபநாசம்):
நாலு வயசு முல்லை, களிமண். ஐப்பசி மழையில் பந்தக்கால் அடியில் பத்து நாள் தண்ணீர் நின்றது. கார்த்திகையில் இலை பழுத்துக் கொட்டி, மாசி வரை வெறும் குச்சி. பிடுங்க இருந்த நேரத்தில் தூரிலிருந்து ஐந்து தளிர். இரண்டில் அரும்பும் கட்டியிருக்கு! ஆனால் தளிர் இலை வெளுப்பு. இது முல்லைதானா? பழைய கொடியைத் தரையோடு வெட்டலாமா?

பதில் (கூத்தாநல்லூர்):
முல்லையேதான். முல்லையைப் பதியனிலோ குச்சியிலோதான் வளர்ப்பாங்க. அடித்தளிர் வேறு ஜாதியாகப் போவதெல்லாம் ஒட்டு ரோஜாவில்.

களியில் நீர் நின்றால் வேருக்குக் காற்று இல்லை. சல்லிவேர் முதலில் அழுகும், இலை உதிரும். தூரும் தடித்த வேரும் தாங்கிக்கொள்ளும். மண் காய்ந்து வெடித்ததும் காற்று உள்ளே போய்ப் புதுச் சல்லிவேர் ஓடியிருக்கு.

தரையோடு வெட்டாதீங்க. கொடியை மேலிருந்து கீழாக நகத்தால் சுரண்டிக்கிட்டே வாங்க. பட்டைக்குள் பழுப்பாகி, மடக்கினால் டக்கென ஒடிந்தால் சுள்ளி. ஈரப்பச்சை தெரிந்தால் உயிர் இருக்கு; அங்கே கணுவுக்குக் கால் அங்குலம் மேலே வெட்டுங்க. முழுக் கவாத்து ஜனவரி கடைசி வாரம், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு. பூ புதுத்தளிரில்தான் வரும், இப்போ கவாத்து செய்தால் அரும்போடு போயிடும்.

பதில் (மயிலாடுதுறை):
நரம்பு பச்சையாக இருந்து இடையில் மட்டும் மஞ்சள் என்றால் இரும்புச்சத்துக் குறை. அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், சாயங்காலத்தில், 15 நாளுக்கு ஒருமுறை, பச்சை திரும்பும் வரை தெளிங்க. கலக்கிய உடனே அடிச்சிடணும். துருநிறமாக மாறிய கரைசல் பலன் தராது. யூரியா வேண்டவே வேண்டாம், பிஞ்சு வேர் கருகிடும். மக்கிய தொழு எரு ஒரு கூடை போதும்.

பதில் (திருத்துறைப்பூண்டி):
மணல் கலக்கச் சொல்வாங்க, கேட்காதீங்க. களியில் கொஞ்சம் மணல் சேர்ந்தால் செங்கல்லாக இறுகும். தூரிலிருந்து இரண்டடி தள்ளி, ஓர் அடி ஆழத்தில் வாய்க்கால் எடுத்துப் பள்ளத்துப் பக்கம் விடுங்க. தூரில் மண் அணைத்தால் தண்டு அழுகும். ஆனியில் ஒரு பதியனும் போட்டு வைங்க.

கேட்டவர்:
நரம்பு பச்சைதான், அன்னபேதி அடிக்கிறேன். மூணு கொடியில் இடுப்பு உயரம் வரை பச்சை இருக்கு. பதியனுக்கு எந்தக் கொடி?

பதில் (திருத்துறைப்பூண்டி):
பென்சில் கனத்தில் முற்றியது, தரைக்கு வளையணும். கணுவுக்குக் கீழே ஓர் அங்குலம் பட்டையைக் கீறி, தொட்டி மண்ணில் புதைத்து மேலே கல் வைங்க. வேர் பிடிக்க மூணு, நாலு மாசம். ஐப்பசி அடைமழைக்கு முன்னே தாய்க்கொடியிலிருந்து வெட்டி, தொட்டியைத் திண்ணைக்கு ஏத்திடுங்க.