ஸ்பெயினுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: முதலில் 'போடுங்க' கற்றுக்கொள்ளுங்கள்

மாட்ரிட் வந்த முதல் மாதங்களில் கடையில் காயைக் கைகாட்டித்தான் வாங்கினேன். "இதைக் கொடு" என்று ஏவல் வினையில் கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்ற தயக்கம். புதிதாக வரும் பலரிடமும் இதைப் பார்க்கிறேன். இங்கே அந்தப் பயம் வேண்டாம்.

சந்தையில் கடைக்காரரே "கே லே போங்கோ?" என்று கேட்பார். உங்களுக்கு என்ன போடட்டும் என்று அர்த்தம். "போங்காமே உன் கீலோ தே தொமாதெஸ், போர் ஃபவோர்" என்று சொல்லுங்கள். ஒரு கிலோ தக்காளி போடுங்க, அவ்வளவுதான். பொனேர் என்ற இந்த வினை நம் 'போடு' மாதிரியே எங்கும் வரும்: காபி போடு, டிவி போடு, தேதி போடு, சட்டை போடு.

'நீ' என்று பேசினால் போன். இப்படிச் சுருங்கும் வினைகள் மொத்தம் எட்டுதான், மனப்பாடம் செய்துவிடலாம். 'நீங்கள்' என்றால் போங்கா. நம் 'போங்க' போலவே ஒலிப்பதால் மறக்காது. 'நான் போடுகிறேன்' என்பது போங்கோ; கடைசி ஓ-வை ஆ ஆக்கினால் மரியாதை வடிவம் வந்துவிடும். தீகோ (சொல்கிறேன்) தீகா ஆவதும் இப்படித்தான். போனை எடுத்ததும் இங்கே பலர் சொல்லும் "தீகா" அதுதான். பலரிடம் மரியாதையாகச் சொல்ல போங்கான்.

யாரிடம் எது? பாரில் இளைஞர் நின்றால் "போன்மே உன் கஃபே" இயல்பானது. வயதானவர்களிடமும் அலுவலகத்திலும் போங்கா வடிவமே நல்லது.

மே என்றால் எனக்கு, லோ என்றால் அதை. இரண்டையும் வினையின் வாலில் ஒட்ட வேண்டும், 'எனக்கு' முதலில்: போன்மேலோ. எத்தனை ஒட்டினாலும் அழுத்தம் 'போ' மேலேயே நிற்கும். எழுதும்போது போங்காமே, போன்மேலோ இரண்டிலும் அந்த ஓ எழுத்தின் மேல் சாய்கோடு உண்டு. வெறும் போன்மேக்குக் கிடையாது.

அப்புறம், தே, சே இரண்டும் நம் 'கொள்' செய்யும் வேலையைச் செய்கின்றன. குளிர்காலத்தில் பள்ளிக்கூட வாசலில் "போன்தே எல் அப்ரீகோ" என்று கேட்கும்: கோட்டைப் போட்டுக்கொள். ஆஸ்பத்திரியில் "போங்காசே ஆகீ" என்றால் இங்கே வந்து நில்லுங்கள்.

லத்தீன் அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் கடையில் தேமே (கொடுங்கள்) பயன்படுத்துங்கள். போங்காமே ஸ்பெயின் வழக்கம்.

இறைச்சிக் கடையில் "குவார்தோ இ மிதாத்" என்று காதில் விழும். கால் கிலோவும் அதில் பாதியும், அதாவது 375 கிராம். தராசில் அதிகமாக ஏறினால் "நோ மே போங்கா மாஸ்" என்று நிறுத்துங்கள், இன்னும் போடாதீர்கள் என்று அர்த்தம். எதிர்மறையில் மே வாலில் ஒட்டாது, வினைக்கு முன்னால் வந்துவிடும்.