4 அடி ரீஃப் டேங்கில் கல் அடுக்குவது: மணல் முதலிலா, கல் முதலிலா?

சத்துவாச்சாரி_ரீஃப்:
எல்லோருக்கும் வணக்கம். நன்னீர் மீன் பல வருடமாக வளர்க்கிறேன், கடல்நீருக்கு, அதிலும் பவளம் வளர்க்கும் ரீஃப் டேங்குக்கு, இப்போதுதான் வருகிறேன். டேங்க் 4 அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. சம்ப் (கீழே வைக்கும் துணைத் தொட்டி), ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரிப்பது), இரண்டு வேவ்மேக்கர் (நீரோட்டம் தரும் பம்ப்) எல்லாம் தயார். ட்ரை ராக் (உயிர் எதுவும் இல்லாத, துளையுள்ள உலர் கல்) 25 கிலோ வாங்கிக் கழுவி பால்கனியில் காய வைத்திருக்கிறேன். ஆனால் எப்படி அடுக்கினாலும் ஒரு சுவராகத்தான் வந்து நிற்கிறது. பின் கண்ணாடியில் சாய்த்தால் நிற்கிறது, கொஞ்சம் தள்ளி வைத்தால் சரிகிறது. மணல் போட்டு அதன் மேல் கல்லை வைப்பதா, இல்லை கல்லை வைத்துவிட்டு மணலா? யோசித்திருக்கும் உயிர்கள்: ஒரு ஜோடி க்ளௌன் மீன், ஒரு வாட்ச்மேன் கோபி மீன், அதற்குத் துணையாக பிஸ்டல் இறால். பிறகு மஷ்ரூம், ஸோவாந்தஸ் மாதிரி எளிதான, மென்மையான பவள வகைகள். இன்னொன்று, ஒருவர் போன் செய்து "கடலிலிருந்தே எடுத்த ஒரிஜினல் லைவ் ராக் இருக்கிறது, பார்சலில் அனுப்புகிறேன்" என்கிறார் (உயிர்கள் ஒட்டியிருக்கும் பவளப்பாறைக் கல்). வாங்கலாமா?

குடியாத்தம்_தம்பி:
கல் முதலில், மணல் பிறகு. இதில் இரண்டாவது பேச்சே இல்லை அண்ணா. பிஸ்டல் இறால் வேறு விடப் போகிறீர்கள், அது நாள் முழுக்கத் தோண்டிக்கொண்டே இருக்கும். மணல் மேல் கல் இருந்தால் அடியில் சுரங்கம் விழுந்து மொத்தமும் சரியும், இறாலும் நசுங்கும், கண்ணாடியும் போகும்.

காட்பாடி_உப்புத்தண்ணி:
தம்பி சொன்னது சரி. அடுக்குவதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தண்ணீர் ஊற்றிய பிறகு கல்லை மாற்றுவது பெரிய வேதனை, பவளம் ஒட்டிய பிறகு மாற்றவே முடியாது.

முதலில் டேங்குக்குள் கையே விடாதீர்கள். ஹால் தரையில் கோலமாவால் 4 அடிக்கு ஒன்றரை அடி கட்டம் போடுங்கள். அதற்குள் இன்னொரு கோடு: முன்பக்கமும் இரு ஓரமும் 10 செ.மீ., பின்பக்கம் 7, 8 செ.மீ. விட்டு. கல் அந்த உள்கட்டத்தைத் தாண்டக் கூடாது. கண்ணாடி துடைக்கும் காந்தக் க்ளீனர் தடையில்லாமல் ஓடவும் கல்லுக்குப் பின்னால் தண்ணீர் சுற்றி வரவும் அந்த இடைவெளி வேண்டும். நீங்கள் சொல்லும் சுவர் இருக்கிறதே, கோட்டை மதில் மாதிரி பின் கண்ணாடியை ஒட்டி எழுப்புவது, அதன் பின்னால் மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் போய்ச் சேரும், எந்த வேவ்மேக்கரும் அதை வெளியே கொண்டுவராது. சில மாதத்தில் நைட்ரேட் ஏறி நிற்கும், பச்சைப் பாசி வளரும், காரணம் புரியாமல் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

25 கிலோவையும் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று யார் சொன்னது? விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நிரப்பினால் உங்கள் டேங்க் சுமார் 230 லிட்டர். நல்ல துளையுள்ள கல்லாக இருந்தால் 15 கிலோவில் அழகாக முடித்துவிடலாம். மீதியை சம்பில் போடுங்கள், பாக்டீரியா அங்கேயும் குடியேறும், கழிவைச் சிதைக்கும் அதே வேலையைச் செய்யும். பழைய கணக்கு ஒன்று உண்டு, லிட்டருக்கு 120 முதல் 240 கிராம் வரை கல் என்று. அதையே பிடித்துக்கொண்டு டேங்கை நிரப்பினால் மீன் நீந்த இடமிருக்காது.

இரண்டு தீவாகப் பிரியுங்கள், ஒன்று பெரியது, ஒன்று சிறியது, நடுவில் மணல் தெரிய வேண்டும். சரி பாதியாகப் பிரித்தால் பார்க்க நன்றாக இருக்காது. பெரிய தட்டையான கற்களை அடியில் நேரடியாகக் கண்ணாடி மேல் வையுங்கள், ஒவ்வொரு கல்லும் மூன்று இடத்தில் ஊன்றி நிற்க வேண்டும். விரலால் தள்ளிப் பாருங்கள், ஆடினால் திருப்பி வையுங்கள். துளையுள்ள கல் தண்ணீருக்குள் எடை குறைந்துவிடும், வெளியில் அசையாத கல்லை உள்ளே ஒரு டர்போ நத்தை புரட்டிவிடும். அதனால் தரையில் பிடித்த உருவம் வந்ததும் அங்கேயே ஒட்டிவிடுங்கள். சூப்பர் க்ளூ ஜெல் வைத்து, இடுக்கில் ஆப்ப சோடா தூவினால் உடனே இறுகும் (புகை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள்). பெரிய கல்லுக்கு எபாக்ஸி புட்டி, அதன் இரு பக்கமும் க்ளூ.

உச்சிக் கல் நீர்மட்டத்துக்கு ஒரு சாணாவது கீழே இருக்கட்டும். நம் வேலூர் கத்திரி வெயிலில் ஃபேன் வைத்துத்தான் பலரும் டேங்கைக் குளிர வைக்கிறோம், காற்று வறண்டிருப்பதால் சென்னையைவிட இங்கே அது நன்றாகவே வேலை செய்யும், ஆனால் தண்ணீர் வேகமாக ஆவியாகி மட்டம் இறங்கும். ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் அல்ல, ஏனென்றால் உப்பு உள்ளேயே தங்கிவிடும்.

ஆற்காட்டு_மீன்பிரியன்:
அந்த "ஒரிஜினல்" கல்லை வாங்காதீர்கள் ஐயா. தயவு செய்து. 2001 முதல் கல் பவளம் முழுவதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. எடுப்பது, விற்பது, வைத்திருப்பது எல்லாமே குற்றம், செத்த பவளம் என்றாலும் அப்படித்தான். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் உள்ள 21 தீவுகளை 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதற்கு முன்பு பல வருடம் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அங்கே பவளக் கல்லை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லித் தீவு கடலுக்குள்ளேயே போய்விட்டது. நம் வீட்டு ஹாலுக்காக இன்னும் கொஞ்சம் பெயர்க்க வேண்டாம்.

லாபமும் இல்லை. பார்சலில் வரும்போதே பாதி உயிர் செத்து அம்மோனியா கிளம்பும். உயிரோடு வருவதில் ஐப்டேசியா (வேகமாகப் பரவி பவளத்தைக் கொட்டும் களை அனிமோன்) இருக்கும், மீனையே வேட்டையாடும் மான்டிஸ் இறால் இருக்கும். உங்கள் ட்ரை ராக்கே போதும், பொறுமைதான் வேண்டும். மீன் விடும் முன், பாக்டீரியாவுக்குத் தீனியாக அம்மோனியாவை 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவுக்கு ஏற்றி, பாட்டில் பாக்டீரியா விட்டு, நல்ல டேங்க் வைத்திருக்கும் நண்பரிடம் கைப்பிடிக் கல் ஒன்று வாங்கி உள்ளே போடுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்க 4 முதல் 6 வாரம் ஆகலாம். வெள்ளைக் கல்லில் முதலில் பழுப்புப் பாசி படியும், பயப்படாதீர்கள், அடுத்து அடுத்து மாறி ஊதா நிறம் வரும்.

சத்துவாச்சாரி_ரீஃப்:
நன்றி ஆற்காடு சார், அந்த ஆளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காட்பாடி அண்ணா, கோலமாவு யோசனை அருமை, இன்றே போடுகிறேன். ஒரு பாலம் மாதிரி வளைவு வைக்க ஆசை, அதற்கு நீளமான கல் இல்லை. வீட்டுக்குப் பின்னால் மலைக்கல் நிறைய கிடக்கிறது, அதைப் பயன்படுத்தலாமா?

குடியாத்தம்_தம்பி:
நம் மலைக்கல் எல்லாம் கிரானைட் வகைதான் அண்ணா. துளையே கிடையாது, பாக்டீரியா மேல்பரப்பில் மட்டும்தான் ஒட்டும், எடை மட்டும் ஏறும். நீளக் கல் வேண்டுமென்றால் நீங்களே செய்யலாம். ஒரு பங்கு சிமென்ட், மூன்று நான்கு பங்கு கிளிஞ்சல் நொறுக்கு (கோழித்தீவனக் கடையில் மூட்டையாகக் கிடைக்கும்), கைநிறைய கல் உப்பு. தண்ணீர் குறைவாக விட்டுப் பிசைந்து, ஈர மணலில் குழி தோண்டி வேண்டிய வடிவில் ஊற்றுங்கள். இறுகியதும் தொட்டியில் ஊறப் போட்டால் உப்பு கரைந்து அந்த இடமெல்லாம் துளையாகும். சிமென்டின் காரம் இறங்க வாரக்கணக்கில் ஆகும், தண்ணீரை மாற்றி மாற்றி ஊற வைத்து, புதுத் தண்ணீரில் ஒரு நாள் வைத்தும் பி.எச். 8 பக்கம் நின்றால்தான் டேங்கில் வைக்க வேண்டும்.

காட்பாடி_உப்புத்தண்ணி:
ஊற வைக்க போர் தண்ணீர் போதும். டேங்குக்கு மட்டும் வேண்டவே வேண்டாம், பாலாற்றுப் படுகை போர் தண்ணீரில் என்னென்ன கரைந்திருக்கும் என்று சொல்ல முடியாது. குழாயில் வரும் காவிரித் தண்ணீரையும் ஆர்.ஓ., டி.ஐ. (மீதி உப்பையும் பிடிக்கும் ரெசின் வடிகட்டி) இரண்டிலும் விட்டு டி.டி.எஸ். (கரைந்திருக்கும் பொருளின் அளவு) பூஜ்யம் பார்த்துத்தான் உப்புக் கலக்க வேண்டும்.

சத்துவாச்சாரி_ரீஃப்:
பாலத்தை இரண்டு தூணோடும் இணைக்க ஸ்டீல் கம்பி செருகலாமா?

காட்பாடி_உப்புத்தண்ணி:
எந்த உலோகமும் வேண்டாம், ஸ்டெயின்லெஸ் கூட உப்புத் தண்ணீரில் நாளாக நாளாக அரிக்கும். 8 எம்.எம். அக்ரிலிக் கம்பி வாங்குங்கள், சுவர் துளைக்கும் பிட் வைத்து மெதுவாகத் துளை போட்டு, எபாக்ஸி வைத்துச் செருகி ஒரு நாள் விடுங்கள். அதன் பிறகு பாலத்தை மட்டும் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், தூணும் சேர்ந்து வந்தால் டேங்குக்குள் இறக்கலாம்.