மறு: ‘எஃபெமெரா’வுக்குத் தமிழ்ச்சொல் – ‘உதிரியச்சு’ என்று வைக்கலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

டிக்கெட், நோட்டீஸ், ரசீது என்று வேலை முடிந்ததும் தூக்கிப் போடும் துண்டுத்தாள்களை ஆங்கிலத்தில் ‘எஃபெமெரா’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற இந்த இழையில் இதுவரை குறுவாழ்வுத்தாள், அற்றைநாள் அச்சு, அற்பாயுள் அச்சு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றுமே ‘ஒரு நாள் மட்டும் இருப்பது’ என்ற கிரேக்க மூலப்பொருளைப் பிடித்துக்கொண்டு பிறந்தவை. அந்தப் பிடியை விட்டுவிட்டு யோசிக்கலாம் என்பது என் கட்சி.

நான் நாகர்கோவிலில் டிசைன் வேலை பார்ப்பவன். கல்யாணப் பத்திரிகை, கொடை (எங்கள் பக்கத்துக் கோவில் திருவிழா) நோட்டீஸ், பில் புத்தகம், ஊறுகாய் பாட்டில் லேபிள், எது வந்தாலும் செய்வேன். புது வேலை எடுத்தால் முதலில் புரட்டுவது இணையத்தை அல்ல, ஒரு தகரப் பெட்டியை. பழைய பஸ் டிக்கெட், தீப்பெட்டிப் படம், சவேரியார் கோவில் திருவிழா நோட்டீஸ், களியக்காவிளை பக்கத்துக் கடைகளின் தமிழ்-மலையாள இருமொழி ரசீது என்று என்னென்னவோ கிடக்கும். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெயர் வேண்டும். அவ்வளவுதான் தேவை.

அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஓர் அம்மன் கோவில் கொடை நோட்டீஸ். மஞ்சள் தாள், மூன்றாக மடித்தது. உச்சியில் ‘உ’, அதன் கீழே பிளாக்கில் (படம் செதுக்கிய அச்சுக்கட்டை) அடித்த அம்மன் படம். தேதிக்கு மட்டும் மூன்று கணக்கு: கொல்லம் ஆண்டு 1156, துன்மதி ஆண்டு சித்திரை, ஆங்கிலம் 1981. கணபதி ஹோமம் தொடங்கி இரவு வில்லிசை வரை ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எதிரே உபயதாரர் பெயர். ஒருவர் பெயர் இனிஷியல், பட்டம், ஊர், கடை என்று வரியை முட்டுகிறது. அடுத்தவர் பெயர் மூன்றே எழுத்து. அச்சுக்கோத்தவர் சின்னப் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு வரியை நிரப்பியிருக்கலாம். நீளப் பெயர்க்காரர் சும்மா விட்டிருப்பாரா? எல்லாப் பெயரையும் ஒரே அளவில் கோத்து, சின்னப் பெயரின் இரு பக்கமும் பூ பார்டரை அடுக்கி வரியைச் சமன் செய்திருக்கிறார். ஊர்ச் சண்டையை ஈய எழுத்தால் தடுத்த ஆள்! அந்த உத்தியை நான் இரண்டு பத்திரிகைகளில் திருடியிருக்கிறேன்.

அதே தாளில், தலைப்பில் இருக்கும் ‘லை’ தும்பிக்கை வைத்த பழைய வடிவம். உள்ளே பொடி எழுத்தில் வரும் ‘லை’ புதியது. எழுத்துச் சீர்திருத்த அரசாணை 1978இல் வந்தது. மூன்று வருடத்தில் பொடி எழுத்து மாறியிருக்கிறது, பெரிய எழுத்துக்குப் புது வார்ப்பு வாங்க அச்சகத்துக்குக் கை வரவில்லை போலும்.

இப்போது இந்தத் தாளின் ஆயுள் எவ்வளவு என்று சொல்லுங்கள். கொடை முடிந்த மறுநாளே அதில் வடை மடித்திருப்பார்கள், சரி. ஆனால் எந்த நாள் பூஜை யார் வீட்டு உபயம் என்று பின்னாளில் தகராறு வந்தால் சாட்சி சொல்லப்போவதும் இதே தாள்தான். ஆயுள் தாளில் இல்லை, எடுத்து வைக்கிற ஆளிடம் இருக்கிறது. விளம்பரப் பலகை ஓவியரான கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு திருமண அழைப்பிதழையும் நாடக நோட்டீஸையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. சென்னையில் 1994இல் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டிலும் இதே கதை: பல்கலைக்கழக அச்சகத்தை நடத்திய ஜான் ஜான்சன் சேர்த்த துண்டுத்தாள்கள் 1968இல் பாட்லியன் நூலகத்துக்குப் போயின. இருவருமே எழுத்தோடு கைபழகியவர்கள். மற்றவர்கள் குப்பை என்று போட்டதில் இவர்களுக்கு மட்டும் வேலைப்பாடு தெரிந்திருக்கிறது.

ஆகவே ஆயுளை விட்டுவிட்டு, இவை எப்படி இருக்கின்றன என்று பார்த்தேன். தைக்காமல், அட்டை போடாமல், தனித்தனியாகக் கிடக்கின்றன. தோவாளைச் சந்தையில் உதிரிப்பூ, கட்டின பூ என்று பிரித்துப் பேசுவார்கள். உதிரி என்றால் மட்டம் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. அதனால் ‘உதிரியச்சு’. உதிரியச்சுத் தொகுப்பு, உதிரியச்சுச் சேகரிப்பாளர் என்று சொல் நீளும்போதும் நாக்கு தடுக்கவில்லை. ‘அற்பாயுள் அச்சுச் சேகரிப்பாளர்’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், அந்த மனிதரை நினைத்தால் பாவமாக இருக்கும்.

– நாகர்கோவிலிலிருந்து

———

> உதிரி என்றதும் உதிரிபாகக் கடைதான் நினைவுக்கு வருகிறது தம்பி. அது போகட்டும். நாள்காட்டி கட்டப்பட்டதுதானே, அது உதிரியா? கையால் எழுதிய மளிகைச் சீட்டையும் ஆவணக் காப்பகத்தில் இதே வகையில்தான் வைக்கிறோம், அதில் அச்சு எங்கே?

அக்கா, உதிரிபாகம் இருந்துவிட்டுப் போகட்டும். உதிரிப்பூவும் உதிரிபாகமும் இத்தனை நாள் ஒன்றையொன்று இடிக்காமல்தானே இருக்கின்றன.

தினசரி நாள்காட்டி உதிர்ப்பதற்கென்றே கட்டியது, தாராளமாகச் சேர்க்கலாம். எனக்கு நிஜமாகவே இடிப்பது எட்டுப் பக்கம் பின் அடித்த பாட்டுப் புத்தகங்கள். நம் ஊர் கிறிஸ்தவக் கன்வென்ஷன் கூட்டங்களில் கொடுப்பார்களே, அவை. 1820களில் சார்லஸ் மீட் என்ற மிஷனரி நாகர்கோவிலில் நடத்திய மிஷன் அச்சகத்தின் துண்டுப் பிரசுரங்களுக்கும் இதே சிக்கல்தான். பக்கம் இருக்கிறது, ஆனால் புத்தகம் என்று சொல்ல மனம் வரவில்லை. இவற்றைச் சிற்றேடு என்று தனியே வைப்பதே சரி என்பேன், நூலகத்தார் வேறு மாதிரி நினைக்கலாம்.

மளிகைச் சீட்டு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. லண்டனில் 1975இல் எஃபெமெரா சங்கத்தைத் தொடங்கிய மாரிஸ் ரிக்கார்ட்ஸும் கையெழுத்துத் தாளை விலக்கவில்லை. அதனால் காப்பகத்துக்கு ‘உதிரி ஆவணம்’ என்பது பொதுச்சொல்லாகவும், அதற்குள் ‘உதிரியச்சு’ ஒரு பிரிவாகவும் இருக்கட்டும். எங்களைப் போன்ற டிசைன்காரர்களுக்கு இரண்டாவது போதும். வாட்ஸ்அப்பில் படமாக வரும் கொடை நோட்டீஸை இப்போதைக்கு இரண்டிலும் சேர்க்க வேண்டாம். அதற்கு வேறு இழை திறப்போம்.

ஈழத்து நண்பர்கள் இந்தக் குழுவில் இருந்தால், உங்கள் பக்கத்து அச்சகங்களில் இவற்றை எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். இங்கே அச்சகத்தில் ‘ஜாப் ஒர்க்’ என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள்.