வி.ஓ. (கூடுதல் வேலைக்கான உத்தரவு) பணம் நிக்குது, ஆளுக்குச் சம்பளம் போடணும். எங்கே புரட்டுறது?

சிப்புட்காரன்:
மலேசியா, சுங்கை சிப்புட்ல சின்ன சப்-கான் (உள்குத்தகைக்காரன்) நான். பால்மரத்தை அழிச்சுக் கட்டுற தாமான்ல (வீடமைப்புப் பகுதி) வடிகால் வேலை. டிராயிங்ல ஆழம் 600 மில்லி. தோண்டினா பழைய கல்வெர்ட் இன்னும் கீழே கிடக்கு. சைட் இன்ஜினியர், "900 போடு, வி.ஓ. தர்றேன்"னு வாட்சாப்ல வாய்ஸ் அனுப்பினார். 64 மீட்டர் போட்டு முடிச்சேன். மீட்டருக்கு 600 வெள்ளி (ரிங்கிட்), மொத்தம் 38,400. மெயின்-கானோட (முதன்மைக் குத்தகைக்காரர்) கியூ.எஸ். (அளவு, விலை கணக்குப் பார்க்கிறவர்) மீட்டருக்கு 380க்கு மேல கிடையாதுங்கிறார். ரேட் முடியாம ஒரு காசும் வராதாம். "ஓனர் கொடுத்தாத்தான் உனக்கு"ன்னு கான்ட்ராக்ட்ல ஒரு வரி வேற. ரெடிமிக்ஸ் லாரிக்குக் கைக்காசு போயாச்சு. வெள்ளிக்கிழமை ஆறு பேருக்குச் சம்பளம். வீட்டுக்காரி வளையலை அர்ரஹ்னுல (இஸ்லாமிய முறை அடகுக்கடை) வைக்கவா, கூட்டு (சீட்டு) எடுக்கவா?

மணி_பேராக்:
கூட்டு எடுங்கண்ணே. தள்ளி (கழிவு விட்டு) எடுத்தா இந்த வாரமே கைக்கு வந்துடும் லா.

கலா_கங்சார்:
பேங்குல கடன் பிரிவுல இருந்தவ நான். சர்ட்டிபிகேட் ஆன (மெயின்-கான் எழுத்துல ஒத்துக்கிட்ட) கிளெய்மைக் காட்டினா முன்பணம் பேசலாம். சண்டையில இருக்கிற வி.ஓ.வை எந்த ஆபீசரும் தொட மாட்டார்.

பழைய_கியூஎஸ்:
தம்பி, கூட்டு வேணாம். அதைத் தொழிலா நடத்துறது 1971 சட்டப்படி குற்றம். நடத்துறவன் ஓடிட்டா எந்த போலீஸ் ஸ்டேஷன்ல போய் அழுவே?

கியூ.எஸ். 380ஐ ஒத்துக்கிட்டாரே, அதைப் பிடி. 64 மீட்டருக்கு 24,320. இந்த மாசக் கிளெய்ம்ல அதை சர்ட்டிபை பண்ணச் சொல்லு. "மீதி 14,080ஐ விட்டுக்கொடுக்கல"ன்னு கூடவே கடிதம் வை. கலா சொன்ன முன்பணத்துக்கு அந்தத் தாள்தான் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள வராது, அதுக்கு வளையல்தான்.

அந்த "ஓனர் கொடுத்தாத்தான்" வரி செல்லாது. சிப்பா 2012 (கட்டுமானப் பணம் கொடுக்கல், தீர்ப்புச் சட்டம்), 35ஆவது பிரிவு. அந்தச் சட்டத்துல பேமெண்ட் கிளெய்ம் அனுப்பு, பதில் தர அவங்களுக்கு 10 வேலை நாள். பதிலே தரலைன்னா முழுசும் மறுத்ததாக் கணக்கு, அப்புறம் நீ அஜூடிகேஷனுக்கு (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் தீர்ப்பு) போகலாம். ஆனா அஜூடிகேட்டர் கட்டணத்தை முன்னாடியே வைக்கணும். 14,080க்கு அது கட்டுமான்னு பாரு. கடிதத்தைக் கண்டே இறங்கி வந்த மெயின்-கான்களை நான் பார்த்திருக்கேன். ஆழத்துக்கு அத்தாட்சி இருக்கா?

சிப்புட்காரன்:
நன்றிண்ணே. வாய்ஸை இன்னிக்கே எழுத்துல அனுப்பி, ஒத்துக்கச் சொல்றேன். மண் மூடுறதுக்கு முன்னாடி எடுத்த படம் இருக்கு. டேப் வைக்கல. குழிக்குள்ள மண்வெட்டி நிக்குது.

பழைய_கியூஎஸ்:
அதே மண்வெட்டியை அளந்து, டேப்போட இன்னொரு படம் எடு. அதுவரைக்கும் காம்பை மாத்திடாதே.